லேசான வேலை

நான் பி.ஏ. தமிழ் படித்தவள். அந்தப் படிப்பை வைத்து நான் செய்த ஒரே மொழிபெயர்ப்பு ஒரு வரி. அந்த ஒரு வரியிலும் ஒரு சொல்லைத் தப்பாகப் போட்டேன். அதற்கு ஏழு மாதம், ஞாயிற்றுக்கிழமை தவறாமல், தண்டனை அனுபவித்தேன்.

அப்போது எனக்கு இருபத்தொன்பது வயது. போலீஸ் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்தேன். அதற்கு முன்னால் ஒரு தடவை எழுதித் தோற்றிருந்தேன். இந்தத் தடவையும் விட்டால் அடுத்த அறிவிப்பு வருவதற்குள் வயது தாண்டிவிடும். எழுத்துத் தேர்வில் நான் சுமார் ரகம் என்பது எனக்கே தெரியும். ஓட்டம், நீளம் தாண்டுதல், பந்து எறிதல் இந்த மூன்றிலும் முழு மார்க் வாங்கினால்தான் லிஸ்ட்டில் என் நம்பர் வரும். ஆகவே என் எதிர்காலம் மூளையில் இல்லை, தொடையிலும் ஆடுசதையிலும் இருக்கிறது என்று முடிவு செய்துகொண்டேன்.

ஸ்ரீரங்கத்தில் வாடகை வீடு. அம்மா, அண்ணன், நான். அப்பா இல்லை. அம்மா இட்லி மாவு அரைத்து விற்கிறாள். ஸ்ரீரங்கத்து அபார்ட்மென்ட்களில் ஓய்வுபெற்ற தம்பதிகள் நிறைய. பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டில். அவர்களுக்கு வீட்டில் இட்லி அவிக்கத் தெம்பு உண்டு, அரைக்கத்தான் தெம்பு இல்லை. வாரத்துக்கு வேண்டிய மாவை ஞாயிற்றுக்கிழமை வாங்கி வைத்துக்கொள்வார்கள். எங்கள் வீட்டில் ஞாயிறு என்றால் காலை ஐந்து மணிக்குக் கிரைண்டர் ஓட ஆரம்பிக்கும், மத்தியானம் வரை நிற்காது. எங்களை வளர்த்தது அந்தக் கிரைண்டர்தான். அதை நான் ஒருநாளும் மறுத்ததில்லை. மறுத்திருந்தால் இந்தக் கதையே வேறு.

திங்கள் முதல் சனி வரை விடியற்காலையில் எழுந்து, ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் காவேரிப் பாலத்தைத் தாண்டித் திருச்சிக்குப் போவேன். மைதானத்தில் கோச் காத்திருப்பாள். என்னைவிட நாலு வயது சின்னவள், காட்டூர்க்காரி, உடற்கல்வி படித்தவள். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள், ஆனால் வேலை வாங்கும்போது அக்கா தங்கச்சி எல்லாம் கிடையாது. சிமெண்ட் சாக்கில் மணலை நிரப்பித் தோளில் ஏற்றி உட்கார்ந்து எழச் சொல்வாள். கேலரிப் படிகளில் ஓடி ஏறச் சொல்வாள். இரண்டு கையிலும் மணல் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடக்கச் சொல்வாள். அதற்கு 'ஃபார்மர்ஸ் கேரி' என்று பெயர். முதல் மாதம் நான் பஸ்ஸில் ஏறும்போது கம்பியைப் பிடித்து என்னை நானே மேலே இழுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. கண்டக்டர் ஒருநாள், "உடம்பு சரியில்லையாம்மா?" என்று கேட்டார். உடம்பைச் சரி பண்ணத்தான் போகிறேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

ஆறு நாள் இப்படி. ஏழாவது நாளுக்குத்தான் கோச் அதிகம் பேசினாள்.

"அக்கா, நீங்க தூக்கும்போது சதை வளர்றதில்ல. தூக்குனதுக்கு அப்புறம், ஓய்வுலதான் வளருது. ஞாயித்துக்கிழமைய ஏமாத்துனீங்கன்னா ஆறு நாள் செஞ்சது அவ்வளவும் வீண்."

"அப்ப படுத்துத் தூங்கிடவா?"

"அதுவும் கூடாது. ஒரேடியா படுத்தா உடம்பு இறுகிடும். பாலத்துல மெதுவா நடங்க. நடக்கும்போது பாட்டுப் பாட முடியணும், மூச்சு வாங்கக்கூடாது. வந்து கைகால நீட்டி மடக்குங்க. சுவத்துல கால வெச்சுப் படுங்க. அவ்வளவுதான். இதுக்குப் பேரு ஆக்டிவ் ரெஸ்ட்."

பிறகு ஒரு அட்டவணையை போனில் அனுப்பினாள். எல்லாம் இங்கிலீஷ். ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்தில் ஆக்டிவ் ரெஸ்ட் என்றும், அதற்குக் கீழே லைட் ஆக்டிவிட்டி மட்டும் என்றும் போட்டிருந்தாள்.

அம்மாவுக்குத் தமிழ்தான் படிக்க வரும். நான் என்ன செய்கிறேன், எதற்குச் செய்கிறேன் என்று அவளுக்கும் தெரியட்டும் என்று நினைத்தேன். அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது, பொய் சொல்லவில்லை. பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் கட்டம் போட்டு, சிவப்பு ஸ்கெட்ச் பேனாவில், ஆறு நாள் பயிற்சிகளின் இங்கிலீஷ் பெயரை அப்படியே தமிழ் எழுத்தில் எழுதினேன். ஞாயிறுக்கு நேராக என்ன போடுவது என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். கடைசியில் இப்படி எழுதினேன்: 'ஓய்வு. லேசான வேலை மட்டும்.' எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினேன்.

அசைவு என்று எழுதியிருக்கலாம். இயக்கம் என்று எழுதியிருக்கலாம். படிக்கச் சிரிப்பாக இருந்திருக்கும், ஆனால் அதைக் காட்டி யாரும் என் கையில் உளுந்துச் சட்டியைக் கொடுத்திருக்க முடியாது. வேலை என்று எழுதினேன். மூன்று வருடம் தமிழ் படித்தவள், நம் வீட்டில் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று யோசிக்கவில்லை.

முதல் ஞாயிறு காலை ஆறு மணிக்கு, பாலத்துக்கு நடக்கக் கிளம்பிச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன். அம்மா ஃப்ரிட்ஜுக்கு எதிரில் நின்று தாளைப் படித்துக்கொண்டிருந்தாள். படித்து முடித்துவிட்டு உண்மையான சந்தோஷத்தோடு திரும்பினாள்.

"இன்னைக்கு உனக்கு லீவா? நல்லதாப் போச்சு. அந்த மாவுக் கவருக்கெல்லாம் ரப்பர் பேண்ட் போட்டுக் குடுத்துடு. லேசான வேலைதான்."

அது லேசான வேலைதான். அதில் எனக்கு மறுப்பில்லை. ரப்பர் பேண்ட் போட்டேன். அடுத்த வாரம் உளுந்து கழுவினேன். அதற்கடுத்த வாரம் கிரைண்டரிலிருந்து மாவை வழித்தேன். அப்புறம் குழவிக் கல்லைத் தூக்கிக் கழுவி வைத்தேன். ஒவ்வொரு வாரமும் முந்தின வாரத்தைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். கோச்சும் மணல் பக்கெட்டின் எடையை இப்படித்தான், நமக்குத் தெரியாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவாள். ஒரே வித்தியாசம், அவள் கூட்டுவதற்கு ஒரு முடிவு இருந்தது.

இரண்டாவது மாதம் நடந்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவுக்கு ஒத்தாசைக்கு ஒரு அக்கா வந்துகொண்டிருந்தார். கல்லைத் தூக்குவது, மாடி ஏறிக் கொடுப்பது எல்லாம் அவர்தான். ஒரு ஞாயிறு அவரைக் காணவில்லை. கேட்டேன்.

"நான்தான் வர வேணாம்னுட்டேன்," என்றாள் அம்மா. "நீதான் ஞாயித்துக்கிழமை ஃப்ரீயா இருக்கியே. அதுல எழுதியே போட்டிருக்க."

என் கையெழுத்துக்கு அப்படி ஒரு மதிப்பு வீட்டில் அதுவரை இருந்ததில்லை.

இதே வீட்டில் இன்னொருவனும் உடற்பயிற்சி செய்துகொண்டிருந்தான். அண்ணன் செல்போன் கடையில் வேலை பார்க்கிறான். சாயங்காலம் சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு ஜிம்முக்குப் போவான். எந்தத் தேர்வும் கிடையாது, எந்த வயது வரம்பும் கிடையாது, கண்ணாடி முன்னால் நின்று போட்டோ எடுப்பதற்காகப் போனான். அது தப்பு என்று சொல்ல வரவில்லை. அவனுக்கும் ஞாயிறுதான் ரெஸ்ட் டே. அவன் பத்து மணி வரை தூங்குவான். நான் மாவு வழிக்கிற சத்தம் அதிகமானால் அம்மா உதட்டில் விரல் வைப்பாள்.

"மெதுவாடி. நேத்து காலுக்கு ஒர்க்கவுட்டாம். ரெஸ்ட்ல இருக்கான்."

எழுந்து வந்து நாலு முட்டையின் வெள்ளையைச் சாப்பிட்டுவிட்டு, அவனும் ஃப்ரிட்ஜில் இருந்த என் தாளைப் பார்ப்பான். "ஸ்கெட்யூல்லாம் பக்காவா போட்டிருக்க," என்பான். கிண்டல் இல்லை, நிஜமாகவே பாராட்டுவான். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். அவனுக்கு ரெஸ்ட் என்றால் ரெஸ்ட். எனக்கு ரெஸ்ட் என்றால் மைதானத்துக்குப் போகாமல் வீட்டில் கிடைக்கிற ஆள். ஒரே சொல்தான், ஒரே கூரைக்குக் கீழேதான்.

நான் வாயைத் திறக்கவே இல்லை என்று நினைக்க வேண்டாம். சண்டை போட்டேன். ஒருநாள் அந்த வரியைக் காட்டி, வேலை என்றால் இந்த வேலை இல்லை, நடப்பது, கை கால் நீட்டுவது என்று விளக்கினேன். அம்மா பொறுமையாகக் கேட்டாள்.

"நடக்கத்தானே சொல்றாங்க? நாலு வீட்டுக்கு மாவு குடுத்துட்டு வா. நடந்த மாதிரியும் ஆச்சு."

கோச்சிடம் சொன்னேன். திங்கட்கிழமைகளில் என் ஓட்டம் மோசமாகிக்கொண்டே போவது அவளுக்கும் தெரிந்திருந்தது. அவளே அம்மாவுக்கு போன் பண்ணினாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"அம்மா, அக்காவுக்கு ஞாயித்துக்கிழமை ரெஸ்ட் ரொம்ப முக்கியம்மா. பாரம் எதுவும் தூக்கக்கூடாது."

"சரிம்மா, சரிம்மா. நீங்க கவலைப்படாதீங்க. லேசான வேலைதான் குடுக்குறேன்," என்று அம்மா போனை வைத்தாள்.

அம்மாவைக் கொடுமைக்காரி என்று சொல்லிவிட்டால் எனக்குச் சுலபம். அப்படிச் சொல்ல முடியவில்லை. அவளுக்கு இரண்டு முட்டியும் தேய்மானம். ஞாயிறு என்று ஒன்று அவளுக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. அரிசி ஊறுகிற நேரம்தான் அவளுடைய ஓய்வு, அந்த நேரத்திலும் துணி மடிப்பாள். சும்மா உட்கார்ந்திருக்கிற பெண்ணைப் பார்த்தால் அவளுக்கு ஏதோ அடுப்பை அணைக்க மறந்துவிட்ட மாதிரி இருக்கும். நான் சுவரில் காலை வைத்துப் படுத்திருப்பதை ஒருநாள் பார்த்துவிட்டு, "என்னடி, வயித்து வலியா?" என்று பதறி வந்தாள். அவளுக்குத் தெரியாத ஒன்றை அவளால் எனக்குக் கொடுக்க முடியவில்லை. இது எனக்குப் புரிகிறது. புரிவதால் கோபம் குறையவில்லை.

எழுத்துத் தேர்வில் பாஸானேன். உடல்தகுதித் தேர்வுக்குத் திங்கட்கிழமை வரச் சொல்லி அழைப்பு வந்தது. எனக்குத்தான் அமைய வேண்டும் திங்கட்கிழமை.

கோச் சனிக்கிழமை என்னை வெறும் ஐந்து நிமிடம் ஓடவிட்டு அனுப்பிவிட்டாள். "ஓட்டத்துல ரெண்டு வாரமா நீங்க டைமுக்குள்ள வர்றீங்கக்கா. கையில இருக்கு. நாளைக்கு ஒரு நாள் மட்டும் யார் என்ன சொன்னாலும் காதுல போட்டுக்காதீங்க. பாலத்துல நடங்க, வந்து படுங்க." கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் சொன்னாள், "ஒரே ஒரு நாள்."

ஞாயிறு காலை பாலத்தில் நடந்தேன். ஏழு மாதத்தில் ஒழுங்காக நடந்த ஞாயிறு அது ஒன்றுதான். காவேரியில் தண்ணீர் பாதி, மணல் பாதி. பாட்டுக்கூட முணுமுணுத்தேன். மூச்சு வாங்கவில்லை. கால் இரண்டும் என் கால்தானா என்று ஆச்சரியமாக இருந்தது, அவ்வளவு லேசு.

வீட்டுக்கு வந்தால் வாசலில் மூடி போட்ட இரண்டு பெரிய பக்கெட்கள். நிறைய மாவு. உத்தர வீதிப் பக்கம் ஒரு அபார்ட்மென்டில் ஒரு மாமி வீட்டில் சீமந்தமாம், சொந்தக்காரர்கள் வந்து இறங்கியிருக்கிறார்களாம், எட்டு மணிக்குள் மாவு வேண்டுமாம். அண்ணன் பைக்கில் கொண்டுபோய்க் கொடுப்பதாக முந்தின நாளே சொல்லியிருந்தான். அவன் இன்னும் படுக்கையில் இருந்தான்.

நான் அவனை எழுப்பினேன். கண்ணைத் திறக்காமலே சொன்னான்.

"நாளைக்கு எனக்கு ஜிம்முல டெட்லிஃப்ட் இருக்கு. இப்ப பக்கெட்டத் தூக்குனா முதுகு போயிடும். நீ போயிட்டு வாயேன், உனக்குப் பழக்கம்தானே."

"எனக்கு நாளைக்குத் தேர்வுண்ணா."

"நாளைக்குத்தானே?"

அம்மாவைப் பார்த்தேன். அம்மா கடிகாரத்தைப் பார்த்தாள். "இன்னைக்கு ஒருநாள் மட்டும்டி. ஆட்டோவுல வெச்சு எடுத்துட்டுப் போயிடு. மாடிதான் ஏறணும்."

கோச்சும் ஒருநாள் மட்டும் என்றுதான் சொன்னாள். இரண்டு பேரும் கேட்டது ஒரே நாளைத்தான்.

முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தியிருக்க வேண்டும். அம்மா அந்த முட்டியோடு தானே தூக்கிக்கொண்டு கிளம்பியிருப்பாள். அது எனக்குத் தெரியும், நான் அவள் பெண். ஆகவே தூக்கினேன். ஆனால் அம்மாமேல் பாசத்தில் தூக்கினேன் என்று எழுதினால் அது பச்சைப் பொய். கோபத்தில் தூக்கினேன்.

அந்த அபார்ட்மென்டில் லிஃப்ட் வேலை செய்யவில்லை. மூன்றாவது மாடி. ஒவ்வொரு பக்கெட்டாக, நின்று நிதானமாக, ஏறியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. அண்ணனின் முதுகை நினைத்தேன், அவன் சாப்பிடப்போகிற நாலு முட்டையை நினைத்தேன், ஃப்ரிட்ஜில் இருக்கிற என் சிவப்பு எழுத்தை நினைத்தேன். இரண்டு கையிலும் இரண்டு பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு பல்லைக் கடித்தபடி ஒரே மூச்சில் ஏறினேன். யாருக்கு எதை நிரூபித்தேன்? பார்க்க அங்கே ஒருவரும் இல்லை. இரண்டாவது மாடித் திருப்பத்தில் இடது ஆடுசதையில் சுருக்கென்று ஒன்று. நிற்கவில்லை. மிச்சப் படிகளையும் ஏறினேன்.

கதவைத் திறந்த மாமி இரண்டு பக்கெட்டையும் என் முகத்தையும் பார்த்துப் பயந்துவிட்டார். "ஏண்டிம்மா, ஒரேயடியா தூக்கிண்டு வரணுமா? ரெண்டு தடவையா எடுத்துண்டு வரப்படாதோ? சித்த உக்காரு."

அன்றைக்கு என்னை உட்காரச் சொன்னவர் அவர் ஒருவர்தான். நான் உட்காரவில்லை.

மறுநாள் மைதானத்தில் பந்து நன்றாகவே போனது. நீளம் தாண்டுவதற்கு வலது காலில் உந்துவேன், அதனால் அதிலும் தப்பித்தேன். ஓட்டம் கடைசி. விசில் ஊதினதும் முன்னால்தான் இருந்தேன். வளைவு திரும்பியதும் இடது ஆடுசதை இறுகிக்கொண்டது. அதற்கப்புறம் நான் ஓடியதை ஓட்டம் என்று சொல்ல முடியாது. நொண்டவில்லை, அழவில்லை, நிற்கவும் இல்லை. கோட்டைத் தாண்டும்போது நேரம் தாண்டியிருந்தது. அதிகம் இல்லை, ஒரு தும்மல் போடுகிற நேரம். அந்தத் தும்மலுக்கு அந்தப் பக்கம் முழு மார்க், இந்தப் பக்கம் பாதி. பாதி எனக்குப் போதாது என்று அங்கேயே கணக்குத் தெரிந்துவிட்டது. வெளியே கேட் பக்கம் கோச் நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும், "நேத்து என்னக்கா பண்ணீங்க?" என்று மட்டும் கேட்டாள். ஒன்றும் பண்ணவில்லை என்றேன்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அம்மா அழுதாள். நிஜமாகவே அழுதாள், நடிப்பில்லை. வெந்நீர் வைத்து எடுத்து வந்து, தரையில் உட்கார முடியாத அந்த முட்டியோடு உட்கார்ந்து, என் காலுக்கு ஒத்தடம் கொடுத்தாள்.

"ஆறு நாளும் போட்டு உடம்ப அடிச்சிக்கிட்டே இருந்தா கால் என்னத்துக்குடி ஆகும்? கொஞ்சமாவது ரெஸ்ட் எடுத்திருக்கலாம்ல."

கடையிலிருந்து வந்த அண்ணன் வாசற்படியில் ஷூவைக் கழற்றிக்கொண்டே, "ஓவர் ட்ரெய்னிங்தாம்மா. நான் அப்பவே நினைச்சேன்," என்றான்.

அவர்கள் முகத்தை மாறி மாறிப் பார்த்தேன். இரண்டிலும் கள்ளம் இல்லை. வாய்க்குள் ஏழு மாதத்துப் பேச்சு இருந்தது. எதிலிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல் வெந்நீர் சுடுகிறது என்றேன்.

லிஸ்ட் வந்தது. என் நம்பர் இல்லை. அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் விடியற்காலையில் எழவில்லை. விழிப்பு வந்துவிட்டது, உடம்புக்குப் பழகிவிட்டதே, ஆனால் எழாமல் கிரைண்டர் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன். ஏழு மணிக்குக் காபிக்காக அடுப்படிக்குப் போனேன். ஃப்ரிட்ஜில் தாள் அப்படியே இருந்தது. திங்கள் முதல் சனி வரை சிவப்பு கொஞ்சம் வெளுத்திருந்தது. ஞாயிறு வரிமேல் மட்டும் மாவுக் கை பட்டுப் பட்டு வெள்ளை படிந்திருந்தது.

அம்மா தயங்கித் தயங்கித்தான் கேட்டாள். என் மனது நோகக்கூடாது என்று அவள் சொற்களைத் தேடியது தெரிந்தது.

"ஏண்டி, இனிமே காலையில கிரவுண்டுக்குப் போக வேண்டியதில்லல்ல? வார நாள்லயும் மாவு குடுங்கன்னு ரெண்டு மூணு பேரு கேட்டுக்கிட்டே இருக்காங்க. எடுத்துக்கட்டுமா?"

"எடுத்துக்கோம்மா," என்றேன். "லேசான வேலைதானே."

அம்மாவின் முகம் தெளிந்தது. "ஆமா, அதைத்தான் நானும் நினைச்சேன்," என்று கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுக்கப் போனாள்.